சவரத் தூரிகையும் ஸஜ்தாச் செய்யும் முகமும்

 



மனித உடலில் முகத்துக்கு மார்க்கம் தந்திருக்கும் மதிப்புத் தனியானது. ஒளூவைப் பற்றிய திருவசனம் (5:6) கழுவச் சொல்லும் முதல் உறுப்பு முகமே. ஸஜ்தாவில் படைத்தவன் முன்னிலையில் தரையில் பதிவதும் அந்த முகத்தின் நெற்றியும் மூக்குமேயாகும். ஓர் அடியான் தன் இறைவனுக்கு மிக அருகில் இருக்கும் நேரம் அதுவே என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள்.

அத்தகைய முகத்தில் நாம் ஒரு பொருளை ஈரத்தோடு வைத்துச் சுழற்றித் தேய்க்கிறோம். அதுதான் சவரத்துக்கு நுரை எழுப்பும் பிரஷ். இறைச்சி வாங்கும்போது அறுத்தவர் யார் என்று கேட்கிறோம். பிஸ்கோத்து வாங்கினால் அதில் என்ன கொழுப்புச் சேர்ந்திருக்கிறதென்று உறையைத் திருப்பிப் பார்க்கிறோம். இந்தப் பிரஷில் இருக்கும் முடி எந்தப் பிராணியின் முடி என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? அந்த ஒரு கேள்வியைக் கேட்கும் பழக்கம் நமக்கு வரவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

தாடி வளர்ப்பது நாயகம் (ஸல்) அவர்களின் கட்டளை. அதன் சிறப்பைப் பலமுறை கேட்டிருக்கிறோம். “தாடி வைத்தவனுக்கு இந்தப் பேச்சு எதற்கு?” என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். தாடி வைத்தவரும் கன்னத்து ஓரத்தையும் கழுத்தையும் ஒதுக்கிக்கொள்கிறார். உம்ரா, ஹஜ்ஜை நிறைவேற்றுகிறவர் தலையை மழிக்கிறார். குழந்தை பிறந்த ஏழாம் நாள் அகீகா கொடுத்து, தலைமுடியைக் களைந்து, அதன் எடைக்கு வெள்ளி தர்மம் செய்கிறோம். அந்தப் பச்சிளம் தலையில் நுரை தடவினால் அதற்கும் ஒரு பிரஷ்தான் வருகிறது. ஆகவே இது எல்லா வீட்டுக்கும் உரிய செய்தியாகும்.

பிரஷில் இருப்பது என்ன?

சவரப் பிரஷ்கள் பெரும்பாலும் நான்கு வகைப் பொருளால் செய்யப்படுகின்றன. அவை பன்றி முடி, பேட்ஜர் எனப்படும் வளைக்கரடியின் முடி, குதிரை முடி, நைலான் போன்ற செயற்கை இழை என்பன.

பிராணிகளின் முடியால் செய்தவற்றுள் மலிவானது பன்றி முடிதான். முரடாகவும் விறைப்பாகவும் இருக்கும். நுனி இயற்கையிலேயே பிளந்திருக்கும். தண்ணீரில் சிறிது நேரம் ஊறினால்தான் இளகும். நம் நாட்டிலேயே கான்பூர் இந்த முடி வணிகத்துக்குப் பெயர் பெற்ற ஊராகும்.

இங்கே ஒரு சொல்லை நினைவில் வைக்க வேண்டும். பிரஷின் பிடியிலோ அட்டையிலோ “ப்யூர் பிரிசில்” என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பார்கள். சுத்தமான சரக்கு என்பது அதன் பொருளன்று. தூரிகை வணிகத்தில் ‘பிரிசில்’ என்று வெறுமனே சொன்னால் அது பன்றியின் முடியையே குறிக்கும். ‘நைலான் பிரிசில்’, ‘சிந்தெடிக்’ என்று சேர்த்துப் போட்டிருந்தால்தான் அது செயற்கை இழை. ‘ப்யூர்’ என்ற சொல்லைப் பார்த்துப் பாக்கானது என்று மகிழ்ந்து வாங்குகிறவர் உண்மையில் நஜீஸை வீட்டுக்குக் கொண்டுபோகிறார்!

பேட்ஜர் முடி விலை உயர்ந்தது. முடியின் நுனி மெலிந்து வெளுத்தும், நடுவில் கருத்த பட்டையோடும் இருக்கும். தண்ணீரை நன்றாகப் பிடித்துவைப்பதால் சிறிது சோப்பிலேயே கெட்டியான நுரை எழும்பும். ப்யூர், பெஸ்ட், சில்வர்டிப் என்று தரம் பிரித்து விற்கிறார்கள். நுனி எவ்வளவு மென்மையோ அவ்வளவுக்கு விலையும் ஏறும். பன்றி முடிக்கே சாயத்தால் கறுப்புப் பட்டை தீட்டிப் பேட்ஜர் போலக் காட்டுவதும் உண்டு. ஆகவே பட்டையைப் பார்த்து மட்டும் ஏமாந்துவிடக் கூடாது.

மார்க்கச் சட்டம் என்ன சொல்கிறது?

பன்றி இறைச்சி ஹராம் என்பதைத் திருக்குர்ஆன் பல இடங்களில் கூறுகிறது. அல்அன்ஆம் அத்தியாயத்தின் 145ஆம் வசனம் அதை அசுத்தம் என்றே குறிப்பிடுகிறது. அதன் முடியைப் பற்றி இமாம்கள் ஆராய்ந்து சொல்லியிருப்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஹனஃபி மத்ஹபில் பன்றியின் முடியும் நஜீஸ் என்பதே வெளிப்படையான சட்டமாகும். அக்காலத்தில் தோல் தைப்பவர்களுக்கு அந்த முடியைத் தவிர வேறொன்றும் உதவாது என்ற நெருக்கடி இருந்தது. அதனால் அவர்கள் தையலுக்கு மட்டும் பயன்படுத்திக்கொள்ள இடம் தந்தார்கள். மாற்றுப் பொருள் கிடைத்துவிட்ட பிறகு அந்தச் சலுகைக்குக் காரணம் இல்லை என்று பின்வந்த உலமாப் பெருமக்கள் விளக்கியிருக்கிறார்கள். நம் விஷயத்தில் நெருக்கடி எங்கே இருக்கிறது? நைலான் பிரஷ் தெருமுனைக் கடையிலேயே கிடைக்கிறதே!

ஷாஃபிஈ மத்ஹபில் சட்டம் இன்னும் கடுமையானது. பன்றி முழுவதும் கடுமையான நஜீஸ். ஈரத்தோடு அது பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும். அவற்றுள் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். ஈரமான பன்றி முடிப் பிரஷை முகத்தில் தேய்த்தால் முகம் மட்டுமன்று. சோப்பும் கிண்ணமும் துடைத்த துண்டும் அந்தச் சட்டத்துக்குள் வந்துவிடுகின்றன. மாலிகீ மத்ஹபில் பிடுங்காமல் கத்தரித்த முடி சுத்தமானதே என்ற கருத்து உண்டு. ஆனால் நம் தமிழகத்தில் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் ஷாஃபிஈகள். திருவண்ணாமலை, வேலூர்ப் பக்கம் பெரும்பாலோர் ஹனஃபிகள். நம் இரு சாராருக்கும் பன்றி முடி தவிர்க்கப்பட வேண்டியதே.

பேட்ஜர் முடியில் இரு மத்ஹபுகளும் வேறுபடுகின்றன. முடியில் உயிர் இல்லை, ஆகவே பன்றி நீங்கலாக மற்றப் பிராணிகளின் முடி சுத்தமானது என்பது ஹனஃபி சட்டம். உண்ண ஆகாத பிராணியின் முடியும், முறைப்படி அறுக்கப்படாமல் இறந்ததன் முடியும் அசுத்தம் என்பது ஷாஃபிஈ சட்டம். உயிருள்ள குதிரையின் வாலில் கத்தரித்த முடி இரண்டிலும் சுத்தமானதே.

ஒரு வீட்டின் குளியலறையை எண்ணிப் பாருங்கள். மாடத்தில் தகப்பனாரின் பிரஷ் ஈரம் சொட்ட நிற்கிறது. அதன் கீழே தாயார் ஒளூச் செய்யும் குவளை இருக்கிறது. அதே துண்டில் பிள்ளைகள் முகம் துடைத்துக்கொண்டு மத்ரஸாவுக்கு ஓடுகிறார்கள். சாமான் பட்டியல் எழுதும் சகோதரிகளே! உங்கள் கையில்தான் இந்தப் பொறுப்பில் பாதி இருக்கிறது.

நம் மண்ணின் வரலாறு

முகத்தையும் தலையையும் பற்றிய மானம் நம் முன்னோருக்கு எவ்வளவு இருந்தது என்பதற்குத் தொலைவில் போய்த் தேட வேண்டியதில்லை. 1989 வரை நம் திருவண்ணாமலை வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. அதன் தலைநகர் வேலூர். சுமார் 80 கிலோ மீட்டர் தொலைவிலுள்ள அந்த வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10ஆம் நாள் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள்.

காரணம் என்ன? 1805 நவம்பரில் சென்னைப் படைக்குப் புதிய உத்தரவுகள் வந்தன. அப்போது படைத்தளபதியாக இருந்தவர் சர் ஜான் கிரடாக். இந்துச் சிப்பாய்கள் நெற்றியில் சமயக் குறி இடக்கூடாது. முஸ்லிம் சிப்பாய்கள் தாடியை மழித்து மீசையைக் கத்தரிக்க வேண்டும். எல்லாரும் தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்பன அவ்வுத்தரவுகள். அந்தத் தோல் எந்தப் பிராணியின் தோல் என்ற ஐயம் படைவீரர் நெஞ்சைச் சுட்டது. மறுத்தவர்கள் கசையடி பட்டார்கள். இறுதியில் இரத்தம் சிந்தியது. உத்தரவுகள் திரும்பப் பெறப்பட்டன. இந்துவும் முஸ்லிமும் தோளோடு தோள் நின்ற எழுச்சி அது.

சம்பளத்துக்குச் சேவகம் செய்த அந்த ஏழைச் சிப்பாய், தன் தலையில் ஏறும் தோல் எதனுடையது என்று கேட்டான். சொந்தக் காசில் வாங்கும் நாம், நம் முகத்தில் ஏறும் முடி எதனுடையது என்று கேட்கவில்லையே! அவன் கேட்டதற்கு விலை உயிர். நாம் கேட்பதற்கு விலை கடைக்காரரிடம் ஒரு வார்த்தை!

விலை உயர்ந்ததெல்லாம் மேலானதா?

“பன்றி முடி வேண்டாம், பேட்ஜர் பிரஷே வாங்கிக்கொள்கிறேன், நான் ஹனஃபிதானே” என்று வசதியுள்ள சகோதரர் சொல்லலாம். முடி சுத்தமானது என்பதோடு பேச்சு முடிந்துவிடவில்லை. அந்த முடி எப்படி வந்தது என்பதும் ஒரு முஃமின் நினைக்க வேண்டியதே. பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் கொன்ற பெண்ணைப் பற்றியும், தாகித்த நாய்க்குத் தண்ணீர் புகட்டி மன்னிப்புப் பெற்றவரைப் பற்றியும் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

இன்று பேட்ஜர் முடி பெரும்பாலும் சீனாவிலிருந்தே வருகிறது. அங்குள்ள பண்ணைகளில் அப்பிராணிகள் சிறு கூண்டுகளில் அடைபட்டு வதைபடும் காட்சிகளை விலங்கு நல அமைப்பான பீட்டா 2018இல் வெளியிட்டது. இங்கிலாந்தில் பேட்ஜரைக் காக்க 1992இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. நம் நாட்டிலும் இத்தகைய கதை உண்டு. ஓவியத் தூரிகைக்காகக் கீரிகளைக் கொல்வதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. ஆயினும் களவாகக் கொன்றார்கள். 2019இல் பல மாநிலங்களில் அதிகாரிகள் ஒரே நேரத்தில் சோதனை நடத்திக் கீரி முடித் தூரிகைகளைப் பறிமுதல் செய்தார்கள். நுரை சற்று மென்மையாக இருப்பதற்காக ஓர் உயிரை வதைப்பது இரக்கமுள்ள உம்மத்துக்கு அழகாகுமா?

சுத்தமும் சுகமும்

நஜீஸ் இல்லை என்றால் போதுமா? நோயும் இல்லாதிருக்க வேண்டும். முதல் உலகப் போர் நடந்தபோது பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் படைவீரர்களும் பொதுமக்களும் சவரம் செய்த சில நாளில் முகத்திலும் கழுத்திலும் கரும்புண் வந்து துன்புற்றார்கள், சிலர் மாண்டார்கள். கால்நடைகளைக் கொல்லும் அடைப்பான் நோய், அதாவது ஆந்த்ராக்ஸ், அவர்களைப் பற்றியிருந்தது. போரினால் பேட்ஜர் முடி கிடைக்கவில்லை. கிழக்கு நாடுகளிலிருந்து வந்த குதிரை முடியைச் சரியாகக் கிருமி நீக்காமல், பேட்ஜர் போலத் தோன்றும்படி பிரஷ் செய்து மலிவாக விற்றார்கள். 1915 முதல் 1924 வரை இருநூறுக்கும் மேற்பட்டோர் இவ்வாறு பாதிக்கப்பட்டனர். 1920இல் ஜப்பானியச் சவரப் பிரஷ்களை இறக்குமதி செய்ய பிரிட்டன் தடை விதித்தது. குதிரை முடி சட்டப்படி பாக்கானதுதான். ஆனால் வியாபாரியின் கவனக்குறைவு அதைக் கொல்லும் பொருளாக்கிவிட்டது. பாக்கும் வேண்டும், தூய்மையும் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

சவரக் கடையில் நம் நடத்தை

நம் ஊர் வெளியூர்க் கூட்டம் நிறைந்த ஊர். பௌர்ணமிதோறும் 14 கிலோ மீட்டர் கிரிவலப் பாதையில் திரள் திரளாக மக்கள் நடக்கிறார்கள். கார்த்திகை தீபத்துக்கு ஊரே கொள்ளாது. அந்நாட்களில் சவரக் கடைகளில் ஒருவர் எழ ஒருவர் அமருவார். ஒரே பிரஷும் ஒரே கிண்ணமும் பல முகங்களைத் தொட்டு வருவது எந்த ஊர்ச் சவரக் கடையிலும் நடக்கக் கூடியதே. படர்தாமரையும் மயிர்க்கால் கொப்புளமும் ஒருவர் முகத்திலிருந்து மற்றவருக்கு ஒட்டுவதற்கு அது போதும்.

இதற்கு வழி, கடைக்காரரோடு சண்டையிடுவதன்று. அவர் நம் மார்க்கத்தைச் சார்ந்தவராக இல்லாமல் இருக்கலாம். நம் சட்டம் அவருக்குத் தெரிய வேண்டுமென்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. “இது பன்றி முடியா?” என்று பத்துப் பேர் நடுவே உரக்கக் கேட்டு அவரை நாணவைப்பது நம் பண்பன்று. “அண்ணே, என் பிரஷ் கொண்டு வந்திருக்கிறேன், இதையே போடுங்கள்” என்று இன்முகத்தோடு சொன்னால் எந்தக் கடைக்காரரும் மறுக்கமாட்டார். அல்லது கையாலேயே சோப்புத் தடவச் சொல்லலாம். பிளேடைப் புதிதாக மாற்றச் சொல்வதும் நம் உரிமையே. தமக்கு இரத்தம் குத்தி எடுத்த அபூதைபாவுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு ஸாவு பேரீச்சம்பழம் கொடுக்கச் செய்தார்கள் என்பது ஸஹீஹான அறிவிப்பு. நம் உடலுக்குத் தொண்டு செய்கிறவரை மதித்துக் கூலியைக் குறைக்காமல் கொடுப்பது சுன்னத்தின் வழியாகும்.

வஸ்வாஸ் வேண்டாம்

இதைப் படித்துவிட்டு, “இத்தனை காலம் தொழுத தொழுகை என்னாயிற்று?” என்று யாரும் கலங்க வேண்டாம். உறுதியானதைச் சந்தேகம் நீக்காது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி. முன்பு பயன்படுத்திய பிரஷ் எதனால் ஆனது என்று தெரியாதபோது, ஐயத்தின் பேரில் பழைய தொழுகைகளைத் திருப்பித் தொழ வேண்டியதில்லை. பன்றி முடிதான் என்று உறுதியாகத் தெரிந்தவர் அந்தப் பிரஷை விலக்கி, அது பட்டவற்றைத் தம் மத்ஹபின் முறைப்படி கழுவிக்கொள்ள வேண்டும். மற்ற விவரத்தைத் தம் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிய வேண்டும். விருந்தாளியாகப் போன வீட்டில் ஒவ்வொரு பொருளையும் புரட்டிப் பார்ப்பது பேணுதலாகாது, அது வஸ்வாஸ். ஹலாலும் தெளிவு, ஹராமும் தெளிவு, இடையில் ஐயத்துக்குரியவை உண்டு என்ற நாயக வாக்கு, நம் கைக்கு எட்டியதில் கவனமாயிருக்கச் சொல்கிறதே தவிர, பிறரைத் துருவச் சொல்லவில்லை.

எதை வாங்குவது, எப்படிப் பயன்படுத்துவது?

செயற்கை இழைப் பிரஷை வாங்குவதே எல்லா மத்ஹபினருக்கும் ஐயமற்ற வழியாகும். முன்பு நைலான் பிரஷ் நுரை பிடிக்காது என்ற குறை இருந்தது. இப்போது மெல்லிய நுனியுள்ள இழைகள் வந்துவிட்டன. நல்ல நுரை எழும்புகிறது, சீக்கிரம் உலர்கிறது. பிரஷ் எதனால் ஆனது என்பது தெரியாவிட்டால், ஓர் இழையைப் பிடுங்கி நெருப்பில் காட்டுங்கள். நைலான் உருகி மணிபோல் திரளும். பிராணியின் முடியாயின் கருகிய மயிர் நாற்றம் வீசிச் சாம்பலாக நொறுங்கும். பன்றியா, வேறு பிராணியா என்பதை இந்தச் சோதனை பிரித்துக் காட்டாது. எனவே முடி என்று தெரிந்து, எதனுடையது என்று தெரியாவிட்டால் அதை வாங்காமல் விட்டுவிடுவதே நல்லது.

சவரத்துக்கு முன் முகத்தை வெதுவெதுப்பான நீரால் நனையுங்கள். பிரஷை நனைத்து, மிகுந்த நீரை உதறிவிட்டு, சோப்பின் மேல் மெல்லச் சுழற்றி, வலக் கன்னத்திலிருந்து தொடங்கித் தடவுங்கள். மினாவில் தம் தலைமுடியைக் களைந்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் வலப்புறத்தையே முதலில் காட்டினார்கள். அழுத்தித் தேய்க்க வேண்டாம். நுனியால் தடவினாலே முடி நிமிர்ந்து இளகும். முடிந்தபின் ஓடும் நீரில் சோப்புப் போக அலசி, உதறி, காற்றுப்படும் இடத்தில் தொங்கவிடுங்கள். கொதிநீரில் போட்டால் அடிப்பசை விட்டு இழைகள் உதிரும். ஈரத்தோடு மூடிவைத்தால் பூஞ்சை பிடிக்கும். ஒருவர் பிரஷை மற்றவர் தொட வேண்டாம். தந்தைக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று என்றிருக்கட்டும்.

இதே கேள்வியை மற்றத் தூரிகைகளுக்கும் கேளுங்கள். ரொட்டிக்கு நெய் தடவும் பிரஷ், சுவருக்குச் சாயம் பூசும் பிரஷ் ஆகியவற்றிலும் பன்றி முடி வருகிறது. ரமளானுக்கு முன் பள்ளிவாசலுக்குச் சாயம் பூச ஏற்பாடு செய்யும் நிர்வாகிகள், எந்தப் பிரஷால் பூசுகிறார்கள் என்று ஒரு பார்வை பார்ப்பது நல்லது. நம் தமிழ்ச் சகோதரர்கள் நிறைய வாழும் மலேசியாவில், பன்றியின் எந்தப் பாகத்தாலும் செய்த பொருளில் அதைத் தெளிவாக அச்சிட வேண்டும் என்று 2013இல் ஆணை வந்தது. 2017 பிப்ரவரியில் அவ்வாறு அச்சிடாத சுமார் 2,000 சாயத் தூரிகைகளை அதிகாரிகள் கைப்பற்றினார்கள். இங்கு நமக்கு அத்தகைய ஆணை இல்லை. நம் ஈமானே நமக்கு ஆணையாக இருக்கட்டும்.

அன்பர்களே! நகம் வெட்டுவதையும், மீசையைக் கத்தரிப்பதையும், பல் துலக்குவதையும் இயற்கை நெறியின் பகுதி என்று கற்றுத் தந்த மார்க்கம் நம்முடையது. இவற்றில் சிலவற்றை நாற்பது நாளுக்கு மேல் தள்ளிப்போடாதீர்கள் என்று எல்லை வகுத்ததும் அதுவே. அந்த மார்க்கத்தில் சிறியது என்று ஒதுக்கத்தக்கது ஒன்றுமில்லை. ஒரு பிரஷ் வாங்கும்போது கேட்கும் ஒரு கேள்வி, நாளை ஒரு தொழிலில் சேரும்போதும், ஒரு பணத்தை வாங்கும்போதும், ஒரு சம்பந்தம் பேசும்போதும் “இது எங்கிருந்து வந்தது?” என்று கேட்கும் பழக்கமாக வளரும். பேணுதல் என்பது அப்படித்தான் வளர்கிறது.

வல்ல அல்லாஹ் நம் முகங்களை இம்மையில் தூய்மையாகவும், முகங்கள் ஒளிரும் அந்த மறுமை நாளில் பிரகாசமாகவும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.